ரோமால்டு போட்டுவிட்டுப் போன பாட்டு

கடலுக்குப் போகிற ஆண்பிள்ளை வாசற்படி இறங்கினால், அவன் ஏறின தோணி முனையைத் தாண்டுகிறவரைக்கும் அந்த வீட்டில் நடந்துகொண்டிருக்கிற எதையும் நிறுத்தக் கூடாது என்பது எங்கள் தெருவில் வழக்கம், உலை கொதித்தால் கொதிக்கட்டும், இறக்கக் கூடாது, தொட்டில் ஆடினால் ஆடட்டும், பிடிக்கக் கூடாது, வாரியலைத் தொடவே கூடாது, கரையில் நிற்கிற யாராவது ஒருத்தர் தோணி போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து தெருமுக்கில் நின்று "முனை தாண்டிட்டு!" என்று ஒரு சத்தம் கொடுத்த பிறகுதான் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு, உலையை இறக்கி, வாசலைப் பெருக்குவார்கள். அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரக் காரியம். பெர்பெத்து அக்கா வீட்டில் அந்தப் பாட்டு நிற்காமல் போனது இந்த வழக்கத்தால்தான்.

ரோமால்டு அக்காவுக்கு ஒரே மகன். தகப்பன் இல்லாத பிள்ளை. 'ஜெபமாலை மாதா' என்கிற பாய்த்தோணியில் வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருவான். மற்ற பிள்ளைகள் கொழும்பிலிருந்து சோப்பும் சேலையும் கொண்டுவந்தால் இவன் கொண்டுவருவது இசைத்தட்டு. அந்தத் தடவை, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற ஒரு பறங்கிக் குடும்பம் வீட்டுச் சாமானையெல்லாம் வாசலில் போட்டு விற்றபோது, பாட்டுப் பெட்டியையும் அதற்கு மேலே இருந்த ஒரு பெரிய கறுப்புத் தட்டையும் சேர்த்து வாங்கி வந்திருந்தான். அட்டையில் முடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரப் பையன்கள், வெள்ளை வெளேரென்று கிடக்கிற ஒரு வெளியில் சாப்பாட்டு மேசையைப் போட்டு, காலித் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அது பனி என்று ரோமால்டு சொன்னான். உப்பளம் என்று தெரு சொன்னது. உப்பளத்தில் மேசை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் தட்டு எப்படி நிறையும் என்று, தெருவுக்கே மைனியான ஞானசொரூபி மைனி கேட்டாள். கூட்டத்தின் பேர் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. எழுத்துகளைக் கொடி மாதிரி முறுக்கி எழுதியிருந்தார்கள்.

அந்தத் தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. தை மாசத்துக் காலை ஒன்றில், தோணி பாய் விரிக்கிற நேரத்தில், ரோமால்டு கடலைப் பார்த்த சன்னலில் பெட்டியைத் தூக்கி வைத்து, சத்தத்தை முழுக்கத் திருப்பி, முள்ளை இறக்கிவிட்டு, செருப்பு மாட்டினான்.

"எம்மா, இதை நிறுத்திராத. தோணியில இருந்து கேக்குதான்னு பாக்கேன்."

"தெருவே காதைப் பொத்திக்கிட்டு நிக்கு. இது பாட்டா மக்கா? தகரத்தைத் தரையில போட்டு இழுத்தாப்ல இருக்கு."

"முடியறப்ப நாங்க முனையில இருப்போம்மா. முனை தாண்டுற வரைக்கும் ஓடட்டும். தோணியில நான் பலகையில தாளம் போடுவேன், நீ இங்க இருந்து கேட்டுக்கோ."

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போல."

"போயிட்டு வாரேன்."

எதிர்வீட்டில் புளி ஆய்ந்துகொண்டிருந்த என் காதிலும் இது விழுந்தது. தோணி கிளம்பியது. அதன் முன்பாயில் ஒரு கிழிசலுக்குச் சிவப்புத் துணி வைத்து ஒட்டுப் போட்டிருந்ததால் தூரத்திலிருந்தும் அது இன்ன தோணி என்று தெரியும். ஆனால் அன்றைக்குப் பாதி தூரம் போவதற்குள் கடல்மேல் பால்போல மூட்டம் இறங்கிவிட்டது. முனை தெரியவில்லை, தோணி தெரியவில்லை, சிவப்பு ஒட்டும் தெரியவில்லை. கரையில் நின்றவர்கள் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல எங்கள் தெருவில் ஆள் கிடையாது. ஆகவே அன்று தெருமுக்கில் யாரும் வந்து நின்று சத்தம் கொடுக்கவில்லை, அக்காவும் முள்ளை எடுக்கவில்லை, பாட்டும் முடியவில்லை.

மத்தியானம் ஓடியது. விளக்கு வைக்கிற நேரத்திலும் ஓடியது. மறுநாள் கரண்டு போனது, தெருவில் எல்லா வீட்டு விசிறியும் நின்றது, அக்கா வீட்டுத் தட்டு மட்டும் சுற்றிக்கொண்டேயிருந்தது. மீட்டர் பார்க்க வருகிறவர் வந்து பார்த்து, மீட்டர் ஓடாமல் பெட்டி ஓடுகிறதே என்று தலையைச் சொறிந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "எனக்கு மீட்டரைப் பாக்கத்தான் சம்பளம், பாட்டைப் பாக்க இல்ல" என்று போய்விட்டார். முதல் மாதம் தெரு தூங்கவில்லை. இரண்டாம் மாதம் தலைவலி என்றது. அதற்கப்புறம் தெருவுக்கு அது பழகிப்போனது, அலைச் சத்தம் பழகிப்போனது மாதிரி.

ஓடின பாட்டே திரும்பத் திரும்ப ஓடியது என்று நினைத்துவிடக் கூடாது. அது போய்க்கொண்டேதான் இருந்தது. சில மாதங்கள் மேளக்காரப் பையன் மட்டும் தனியாக அடிப்பான், சில மாதங்கள் கம்பி வாத்தியம் மட்டும் அழும், பெரிய மழைக் காலத்தில் எல்லாரும் சேர்ந்து ஆவேசமாக வாசிப்பார்கள், தவக்காலம் நெருங்கினால் சத்தம் குறைந்து ஒருவன் மட்டும் தொண்டையை அடக்கிப் பாடுவான். இதைப் பார்த்துப் பார்த்து எங்கள் தெருவுக்குப் புதிதாக மாதங்கள் உண்டாயின. "மவ எப்ப பொறந்தா?" என்று கேட்டால், "மேளக்காரன் மட்டும் அடிச்சானே, அப்ப" என்று சொன்னார்கள். சங்கு அறுக்கிறவர்கள் மேளத்துக்குத் தோதாக அரத்தை இழுத்தார்கள். தொட்டில் பிள்ளைகள் கம்பி வாத்தியம் அழாத மாதங்களில் தாங்கள் அழுதன. கோயில் பாடகர் குழுவில் யாருக்கும் தெரியாமல் மாதா பாட்டின் தாளம் கொஞ்சம் துள்ளத் தொடங்கியிருந்ததை வெளியூரிலிருந்து பிரசங்கம் வைக்க வந்த சாமியார்தான் கண்டுபிடித்தார். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் 'பாட்டுத் தெரு' என்று விலாசம் எழுதினார்கள், தபாலும் தப்பாமல் வந்தது. கட்டிக்கொடுத்த என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, புருஷன் வீட்டில் சத்தமே இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் எழுந்திருக்காமல் தூங்கினாள்.

அந்தப் பையன் என்னதான் பாடுகிறான் என்று தெரிந்துகொள்ள கான்வென்டில் இங்கிலீஷ் எடுக்கிற டீச்சரைக் கூட்டிவந்தோம். ஒரு வாரம் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, காதில் கையை வைத்துக் கேட்டுவிட்டு, "வீடுன்னு ஒரு வார்த்தை வருது. மிச்சம் இங்கிலீஷ்காரனுக்கே புரியாது" என்றார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமைதான் சங்கடம். அன்று கோயில் மணியே அடிக்காது, மரக்கட்டையைத் தட்டித்தான் பூசைக்குக் கூப்பிடுவார்கள். ஆண்டவர் மரித்த நாளில் ஒரு தெரு மேளம் கேட்பது எப்படி? பங்குச்சாமியார் தானே நடந்து வந்தார். சன்னலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கீழே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார், சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிப் போய், கோயிலில் சொரூபங்களை மூடுகிற ஊதாத் துணியில் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதை அக்கா பெட்டிமேல் போர்த்தினாள். துணிக்குள்ளிருந்து பாட்டு, அடுத்த அறையில் யாரோ முனகுகிற மாதிரி கேட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்தத் துணி வந்தது, போனது.

தோணி எங்கே என்று கேட்கிறீர்கள். கொழும்புக்கு அது போய்ச் சேரவில்லை என்று தாக்கல் வந்தபோது, மற்ற ஆட்களின் ஊர்களான பாம்பனிலும் கீழக்கரையிலும் மாரடித்து அழுதார்கள். எங்கள் தெருவில் அழ ஆரம்பித்த அன்றே வல்லத்தில் மீனுக்குப் போனவர்கள் வந்து அழுகையை நிறுத்தினார்கள். தோணி முனையில் நிற்கிறது என்றார்கள். மூட்டம் இறங்குகிற காலை நேரங்களில், முனைக்கு இந்தப் பக்கத்தில், பாய் முழுக்கக் காற்றைப் பிடித்து உப்பியபடி, அசையாமல் நிற்கிறது. வல்லத்தை எவ்வளவு வலித்தாலும் அதே தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் முகம் தெரிகிறது. சமையல்காரன் ஊதுகிற அடுப்பில் புகை போகிறது. தண்டல் கஸ்மீர், அதாவது தோணிக்குத் தலைவர், ஞானசொரூபி மைனியின் புருஷன், சுக்கானில் ஒரு கையும் தேநீர்க் குவளையில் ஒரு கையுமாக யாரையோ திட்ட வாயைத் திறந்திருக்கிறார். ரோமால்டு தோணியின் மூக்கில், முன்னணியத்தில் சாய்ந்து, கரையைப் பார்த்துச் சிரித்தபடி, பலகையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறான். அங்கே இன்னும் அன்றைக்குக் காலைதான்.

"கூப்பிட்டுப் பாத்தீங்களால?" என்று கேட்டாள் மைனி.

"கூப்பிட்டோம் மைனி. கையைக் காட்டுதான். நாங்க கத்துறது எங்க கேக்கும், உங்க தெருப் பாட்டுத்தான் அங்க வரைக்கும் கேக்குதே."

"என் வீட்டுக்காரர் டீ குடிச்சிட்டாரா?"

"இன்னும் கையிலதான் வச்சிருக்கார்."

"ஆறிப்போச்சுன்னா என்னையத்தான் வைவார்," என்று சொல்லிவிட்டு மைனி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

இதற்கும் தெரு பழகியது. வல்லத்துக்காரர்கள் அந்தத் தோணியை அடையாளமாக வைத்துத் திசை பிடித்தார்கள். மூட்டமுள்ள நாட்களில் வீட்டு விசேஷங்களைத் தோணியைப் பார்த்துக் கத்தினார்கள்: இன்னாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, இன்னார் இறந்துபோனார், வெங்காயம் விலை ஏறிவிட்டது. முதலில் எல்லாரும் போய்ப் பார்த்தோம். பிறகு விருந்தாளி வந்தால் காட்டினோம். பிறகு மூட்டம் இறங்கினாலும் யாரும் எழுந்து போகவில்லை. எந்த அதிசயத்துக்கும் பக்கத்தில் குடியிருந்தால் அப்படித்தான் ஆகிறது. நற்கருணைக்கு முன்னாலேயே நாங்கள் கொட்டாவி விடுகிறவர்கள்தானே.

பழகாதவள் பெர்பெத்து அக்கா ஒருத்திதான். முனை தாண்டியதாக யாரும் சொல்லாததால் அவள் வீட்டில் வாரியல் எடுக்கவில்லை. கடற்காற்று கொண்டுவந்த மணல் முதலில் வாசலில் படிந்தது, பிறகு நடையில், பிறகு அறை மூலைகளில் சின்னச் சின்ன மேடாக உயர்ந்தது. அவள் மணலுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்கு இடம் வைத்துக்கொண்டு, பெட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். தூசி விழுந்தால் முள் துள்ளும், துள்ளினால் பாட்டு அறுந்துபோகும், அறுந்தால் பிள்ளைக்குக் கேட்காது என்று, சேலைத் தலைப்பால் தட்டின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் துடைத்துக்கொண்டேயிருப்பாள். நாங்கள் சாப்பாடு கொண்டுபோவோம். ஆராதனைக்கு முறை போடுகிற மாதிரி ஆளுக்கு ஒரு மணி நேரமாக உட்கார்ந்தும் பார்த்தோம், அவள் கொஞ்சம் கண்ணயரட்டும் என்று. படுப்பாள். கண் மூடும். பாட்டில் எங்கேயாவது ஒரு மூச்சு நேரம் எல்லா வாத்தியமும் ஓய்ந்தால் பதறி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தூங்காதவர்களின் கண்ணை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன், சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்தக் கண் வேறு. அருள் நிறைந்த மந்திரத்தைப் பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மறுபடி மறப்பாள். "ஏ திரேசு," என்பாள் என்னிடம், "நான் இப்ப எந்த மணியில நிக்கேன்?" எனக்கு எப்படித் தெரியும். "அஞ்சாவதுக்கா" என்று ஏதோ சொல்வேன். "சரி" என்று அதிலிருந்து தொடர்வாள்.

அவளுடைய தலை நரைத்தது. எங்கள் எல்லாருடைய தலையும் நரைத்தது. மைனியின் மகள் சலேத்து, தகப்பன் போகும்போது பாவாடையில் மண் அள்ளி விளையாடிய பிள்ளை, மணப்பாட்டு மாப்பிள்ளைக்குப் பேசி முடிக்கிற பெண்ணாக நின்றாள். அங்கேதான் தெருவின் பழக்கமெல்லாம் ஒரு நாள் வந்து முட்டியது.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மணம் செய்யப்போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. தாய் தகப்பன் இறந்திருந்தால் பேருக்கு முன்னால் 'மரித்த' என்று ஒரு சொல் வரும். பங்குச்சாமியார் மைனியைக் கூப்பிட்டு, கஸ்மீர் இருக்கிறாரா மரித்தாரா என்று கேட்டார்.

"முந்தாநாள் கூடப் பாத்திருக்காங்க சாமி, டீயும் கையுமா நிக்காராம்."

"அப்ப வந்து மகளுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடச் சொல்லு."

"அவரால வர முடியாதே சாமி."

"அப்ப மரித்தவர்னு எழுதவா?"

ஆத்துமாக்கள் திருநாளில் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்தாமல் இவ்வளவு காலம் வாசலில் நின்று திரும்பியவள் மைனி. பொய் சொல்லி ஓலை வாசிக்க என்னால் முடியாது, இரண்டில் ஒன்று சொல் என்று சாமியார் வருத்தத்தோடுதான் சொன்னார். மணப்பாட்டுக்காரர்கள் அடுத்த திருநாளுக்கு மேல் காத்திருக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் நான் அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். மைனி உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் கால் மணலில் புதைந்து ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது.

"வீடா இது? நண்டு முட்டை போடுற இடம் மாதிரி இருக்கு," என்று சொல்லிக்கொண்டே, செருப்பைத் தேடாமல், பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். "பெர்பெத்து. முள்ளை எடுத்திரு."

அக்கா தட்டைத் துடைத்தாள்.

"உன் மவனுக்காக என் புருஷனும் அங்கனயே நிக்கணுமா? அவர் டீயைக் கையில வச்சிட்டு நிக்கார், என் மவளுக்கு இங்க காதோரத்துல நரை வந்துரும் போலருக்கு. நான் புருஷன் உள்ளவளா, இல்லாதவளா? பொட்டு வச்சா ஒருத்தி சிரிக்கா, வைக்காட்டி ஒருத்தி திட்டுதா. எத்தன நாளைக்கு?"

"மைனி, அவன் தாளம் போடுதான்," என்றாள் அக்கா. குரல் பாட்டுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "இது கேக்குற வரைக்கும் அவன் இருக்கான். எடுத்திட்டேன்னா? மூட்டத்துக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு ஆயிட்டா? உங்க ஆளும் சேர்ந்துதான் மைனி இல்லாமப் போவாரு."

"எனக்குத் தெரியாதா அது? ராத்திரியெல்லாம் அதைத்தான் நெனச்சேன்."

"அப்புறமும் எடுக்கச் சொல்லுதீங்களா?"

மைனி சேலையில் ஒட்டின மணலைத் தட்டினாள். அவள் குரலில் இருந்த சண்டையெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"அவன் போறதுக்குத்தானடி கிளம்புனான். நீயும் நானும் சிலுவை போட்டு அனுப்பினோம். போகவே விடாம நிறுத்தி வச்சிட்டு, வரலையே வரலையேன்னு உக்காந்திருக்கோம். இன்னும் போகாதவன் எப்படிட்டி திரும்பி வருவான்?"

பாட்டு ஓடியது. அப்போது கம்பி வாத்திய மாதம். சன்னல் வழியே பார்த்தேன். கடல்மேல் பாலாக மூட்டம் இறங்கியிருந்தது.

அக்கா என்னைத்தான் பார்த்தாள். நானும் பிள்ளைகளைப் பெற்றவள். மூத்தவன் பம்பாய்க்கு ரயில் ஏறினபோது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவன் விரலை நான் விடவில்லை, வண்டி அசைந்த பிறகு அவன்தான் என் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். பக்கத்தில் போய் அவள் முதுகில் கையை வைத்தேன். சேலைக்குள் முள்ளு முள்ளாக எலும்பு.

"எனக்கு அசதியா இருக்கு திரேசு," என்றாள் அக்கா. "மாதாவே, எனக்கு ரொம்ப அசதியா இருக்கு."

பிறகு அவளே நிமிர்ந்தாள். "அன்னைக்கு யாரும் பாக்கல, அதான் தப்பாப் போச்சு. இன்னைக்கு ஒருத்தர் பாக்கணும். மைனி, நீங்க போங்க. கரையில நில்லுங்க. உங்க கண்ணைத் தவிர வேற யார் கண்ணையும் நான் நம்ப மாட்டேன்."

மைனி ஒற்றைச் செருப்போடு போனாள். செய்தி அவளுக்கு முன்னால் தெருவில் ஓடியிருக்க வேண்டும், அவள் பின்னால் வீடு வீடாகப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். கரையை எட்டுகிற நேரத்தைக் கணக்குப் பண்ணிக் காத்திருந்தோம். அக்கா விசுவாசப் பிரமாணம் சொல்லத் தொடங்கினாள். ஒரு வார்த்தையும் மறக்கவில்லை. கையை நீட்டினாள், மடக்கிக்கொண்டாள். பாடுகிறவன் ஒரு நீளமான அடியை இழுத்துக்கொண்டிருந்தான், அவன் முடிக்கட்டும் என்று நினைத்தாள்போல, அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. அவன் அடியை முடித்து அடுத்ததற்கு மூச்சு வாங்கின இடத்தில், தூங்குகிற குழந்தையின் வாயிலிருந்து விரலை எடுக்கிற மாதிரி, முள்ளை எடுத்தாள்.

அந்த அமைதியை எனக்கு எழுதத் தெரியவில்லை. முதலில் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். சங்குப் பட்டறையில் அரம் நின்றது. தொட்டில்கள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஒரே சமயத்தில் வீறிட்டன. அந்தப் பாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒரு சிறுமி தெருவில் நின்று, "என்னது இது, என்னது இது" என்று அழுதாள். அவளுக்கு அமைதி என்றால் என்னவென்று தெரியாது. கடல் சத்தம் கேட்டது. இவ்வளவு பக்கத்தில் கடல் இருந்ததை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

அக்கா முள்ளைக் கையில் பிடித்தபடி, வாசலைப் பார்த்து நின்றாள். மணல் சரிகிற சத்தம்கூடக் கேட்டது. யாரும் வரவில்லை. யாரும் வரவில்லை. அக்காவின் உதடு வெளுத்துக்கொண்டே போனது.

அப்போது தெருமுக்கில் ஒரு கூப்பாடு. மைனிதான். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெற்றிப் பொட்டு வேர்வையில் வழிய, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத முகத்தோடு ஓடிவந்து நின்று, ஊரெல்லாம் கேட்க, இத்தனை காலம் பாக்கி நின்ற அந்தச் சத்தத்தைக் கொடுத்தாள்.

"முனை தாண்டிட்டு! ஏ பெர்பெத்து, முனை தாண்டிட்டுட்டீ! மூட்டம் அப்படியே ரெண்டா விலகிச்சு, தோணி ஆடிச்சு, சிவப்பு ஒட்டு தெரிஞ்சுச்சு, அந்த மனுசன் டீயை ஒரே மடக்கா குடிச்சிட்டுக் குவளையைத் தூக்கிப் போட்டாரு. உன் மவன் கையைக் காட்டினான். காட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டான். போயிட்டாங்க. போயிட்டாங்கட்டி!"

அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, கதவுக்குப் பின்னால் அன்றிலிருந்து சாத்தி வைத்திருந்த வாரியலை எடுத்தாள். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. நான் என் வீட்டு வாரியலைக் கொண்டுவந்தேன், பக்கத்து வீட்டுக்காரி கூடை கொண்டுவந்தாள், தெருப் பெண்களெல்லாம் வந்தார்கள், கூடை கூடையாக மணலை அள்ளிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினோம். தரை தெரிந்தபோது ரோமால்டு அன்று காலையில் சீவிப்போட்ட தலைமுடி நாலு இழை சிமெண்டில் ஒட்டியிருந்தது. அதை மட்டும் அக்கா பெருக்கவில்லை. மைனியின் செருப்பும் கிடைத்தது.

தட்டை எடுத்துப் பார்த்தோம். ஓடின பக்கம் தேய்ந்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று, எங்கள் முகத்தைக் காட்டியது. அக்கா அதைத் திருப்பினாள். மறுபக்கத்தில் கோடுகள் எல்லாம் புதுசாக, ஒரு தடவையும் முள் படாமல் இருந்தன. அந்தப் பக்கத்தை மேலே பார்க்க வைத்து, முள்ளைத் தூக்கி அதன் இடத்தில் சாத்தினாள்.

"இதை அவன் வந்து போடட்டும்."

பிறகு பெருக்கின தரையில் பாய்கூட விரிக்காமல் படுத்தாள். கன்னத்துக்குக் கீழே கையை வைத்தாள். அவ்வளவுதான்.

அவள் தூங்கினாள். அன்று முழுக்கத் தூங்கினாள், மறுநாளும் தூங்கினாள். பக்கத்தில் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தோம், வந்தது, நல்ல மூச்சு. அதற்குமேல் யாருக்கும் அவளைத் தொட மனம் வரவில்லை. சத்தத்திலேயே வாழ்ந்த எங்கள் தெரு, அவளுக்காக, இருந்த கொஞ்சச் சத்தத்தையும் குறைத்துக்கொண்டது. மீன் விற்கிறவள் தெருமுக்கில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையால் கூப்பிட்டாள், சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள், கோயில் மணியின் நாக்கில் உபதேசியார் துணியைச் சுற்றி அடித்தார். ஞானசொரூபி மைனி அக்கா வீட்டு வாசற்படியில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் கண்ணாலேயே அதட்டினாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் எழுந்து போனாள். முதல் ஓலையில் சாமியார், "கடற்பயணத்தில் இருக்கிற தண்டல் கஸ்மீரின் மகள் சலேத்" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். மைனி கோயிலில் அழவில்லை. திரும்பிவந்து வாசற்படியில் உட்கார்ந்து, விசிறியால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

கொழும்புக்குப் போய் இறக்கி ஏற்றித் திரும்ப ஒரு தோணிக்கு எவ்வளவு நாள் ஆகுமோ, அவ்வளவு நாளும் அக்கா தூங்கினாள் என்றுதான் எங்கள் தெருவில் சொல்கிறார்கள். அதன் கடைசி நாளில், அக்கா வீட்டு வாசலில் நான் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அரிசியிலிருந்து தலையைத் தூக்கினபோது, வல்லத்துக்காரர் ஒருவர் கரையிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்துகொண்டிருந்தார். வெயில் பளீரென்று அடித்தது, மூட்டம் துளியும் இல்லை.

"மைனி!" என்று கத்தினார். "முனைகிட்ட ஒரு பாய் தெரியுது! உள்ள பாத்து வருது! முன்பாயில..."

மைனி எழுந்து நின்றாள். விசிறி கீழே விழுந்தது. நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையின் விரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்ஷ்," என்றாள். "மெதுவாச் சொல்லுல. அவ தூங்குதா."

அவர் பக்கத்தில் வந்து, மூச்சு வாங்க, காதோடு சொன்னார். மைனி கேட்டாள். ரொம்ப நேரம் வாசலுக்குள் திரும்பிப் பார்த்தபடி நின்றாள். உள்ளே பெருக்கின தரையில், கன்னத்தில் கையை வைத்து, வாய் லேசாகத் திறந்து, அக்கா அசையாமல் கிடந்தாள்.

"எழுப்பவா மைனி?" என்று நான் கேட்டேன்.

"சும்மா இரு," என்றாள் மைனி, மறுபடியும் படியில் உட்கார்ந்து விசிறியை எடுத்துக்கொண்டே. "அவனே வந்து எழுப்பட்டும்."